முட்டை அட்டையில் பன்னிரண்டு பிளக்

கோவை கணபதியில் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்கு மாதம் இரண்டு மூன்று பேராவது ஒரு அலுமினிய எஞ்சின் ஹெட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். மேசைமேல் வைத்துச் சாக்கை விலக்கினால், ஸ்பார்க் பிளக் துளையில் மரை மழுங்கி வெறும் பளபளப்பாக இருக்கும். "அடிச்சுப் போச்சுங்ணா" என்பான் கொண்டுவந்த பையன். யார் அடித்தது என்று நான் கேட்பதில்லை. முதல் சுற்றிலிருந்தே ஸ்பேனரைப் போட்டுத் திருகியிருப்பார்கள். பிளக் கோணலாக ஏறியிருக்கும். கைக்கு அது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ஸ்பேனரின் நீளத்துக்கு முன்னால் கையின் உணர்வு எடுபடாது. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, புஷ் இறக்கி, மறுபடி 14 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவது என் வேலை. இருபது வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். அதனால்தான் என் சொந்தக் காருக்குப் பிளக் மாற்ற வேண்டிய நாள் வந்தபோது வேறு யார் கையிலும் விட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கார் ஒரு பென்ஸ். ஈ 240, 2005 மாடல், வெள்ளி நிறம். 2017இல் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திய ஒரு பெரியவரிடம் வாங்கினேன். அப்போது 86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான் கொடுத்த பணத்துக்கு ஷோரூமிலிருந்து ஒரு சின்னப் புதுக் கார் வந்திருக்கும். வீட்டிலும் சொந்தத்திலும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: யானையை வாங்கிடலாம், தீனி போட முடியுமா? அந்தப் பயம் நியாயமானது. பழைய சொகுசுக் காருக்கு விலை இறங்கும், அதன் சாமான்களுக்கு இறங்காது. ஆனால் பின்சீட்டில் சாய்ந்து உட்காரும் ஆசையில் நான் அதை வாங்கவில்லை. நாள் முழுக்க மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோடு மல்லுக்கட்டுகிறவன் நான். நன்றாகக் கடைந்த ஒரு பொருள் வாசலில் நிற்க வேண்டும், அதன் பானெட்டை என் கையால் திறக்க வேண்டும். அந்த ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

பெரியவர் சாவியோடு ஒரு தடித்த ஃபைலையும் கொடுத்தார். பன்னிரண்டு வருட பில்கள், தேதிவாரியாகக் கோத்தவை. அதில் 2015ஆம் ஆண்டுப் பில் ஒன்று: 80,000 கிலோமீட்டரில் ஸ்பார்க் பிளக், எண்ணிக்கை 12, மாற்றியாயிற்று. கூலி தனி. ஊரில் பேர் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிற ஒரு பட்டறையின் முத்திரை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிளக்கைப் பற்றி இன்னும் பல வருடம் நினைக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு சிலிண்டருக்கு எதற்குப் பன்னிரண்டு என்று கேட்காதவர்கள் இல்லை. பஜாஜ் பல்சர் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் சட்டென்று பிடிபடும். 2003இல் டிடிஎஸ்-ஐ என்ற பெயரோடு வந்த அந்த பைக்கில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக். இந்த பென்ஸ் எஞ்சின், எம்112 என்று பெயர், அதையே ஆறு தடவை செய்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று வால்வு. காற்று உள்ளே வர இரண்டு, புகை வெளியே போக ஒன்று. புகைக்கு ஒரே வழி என்றால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் சுவர்ப்பரப்பு குறைவு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடேறி நச்சுப்புகையை அடக்கத் தொடங்கும். அந்த ஒற்றை வால்வின் இருபுறமும் ஒவ்வொரு பிளக். தீ இரண்டு முனையில் பற்றுவதால் அது கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. இரண்டும் ஒரே கணத்தில் பொறி விடுவதில்லை, ஒன்றுக்கொன்று இம்மி பிசகி விடும்படி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. மூன்று வால்வு, இரண்டு பிளக் என்ற இதே அமைப்பில் டிவிஎஸ் ஃபிளேம் என்று 125 சிசி பைக் ஒன்று வரவிருந்ததும், அந்த இரட்டைப் பிளக்குக்காக பஜாஜும் டிவிஎஸ்ஸும் சென்னை உயர் நீதிமன்றப் படியேறியதும், 2008இல் அது ஒற்றைப் பிளக்கோடு கடைக்கு வந்ததும் பட்டறைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். சுண்டுவிரல் நீளச் சாமானுக்காக நடந்த வழக்கு அது.

2018 ஆவணியில் வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்தது. காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது சீட்டில் ஒரு நடுக்கம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. தூங்குகிற குழந்தைக்கு விக்கல் எடுத்தது போல. ஓட்டத்தில் தெரியவில்லை, நின்றால் தெரிந்தது. ஒரு வாரத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. பக்கத்துப் பட்டறைத் தம்பியிடம் ஸ்கேனர் வாங்கிச் சொருகினேன். பி0306 என்று காட்டியது. கடைசி எண் சிலிண்டரைச் சொல்வது: ஆறாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. இதைத் தள்ளிப்போடக் கூடாது. எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாயில் இறங்கிக் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அது உருகினால் பிளக்கின் செலவு ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்.

பிளக் மாற்றிய பில் கையில் இருந்ததால், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைச் சந்தேகப்பட்டேன். ஆறாவதன் காயிலைக் கழற்றி ஐந்தாவதில் மாட்டிப் பார்த்தேன். காயில் கெட்டிருந்தால் கோளாறு ஐந்துக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, ஆறிலேயே நின்றது. அப்போதுதான் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் அப்பா மேட்டுப்பாளையத்தில் டாக்ஸி ஓட்டினார். மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல் வண்டி. சீசனில் ஒரு நாளில் இரண்டு தடவை ஊட்டிக்கு ஏறி இறங்குவார். 2,200 மீட்டருக்கு மேலே காற்று மெலிதாகிவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே ஊற்றிய அளவுக்கே பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும். அதனால் மேலே போனால் பிளக்குகள் கரி பிடிக்கும். இரவு வீட்டுக்கு வந்ததும் நான்கு மைக்கோ பிளக்குகளையும் கழற்றி, திண்ணையில் தினத்தந்தி விரித்து, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று வரிசை மாறாமல் அடுக்குவார். அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். ரஸ்க் நிறத்தில் இருந்தால் பேசாமல் வைத்துவிடுவார். காய்ந்த கரி என்றால் கார்புரேட்டரைப் பார்ப்பார். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் அன்று சாப்பாடு இறங்காது. ரிங் தேய்ந்திருக்கிறது, எஞ்சினைப் பிரிக்கப் பணம் தேட வேண்டும் என்று அர்த்தம். உப்புக் காகிதத்தில் தேய்த்து, பொறி தாவும் இடைவெளியைப் பார்த்து, மறுபடி போடுவார். போடும்போது ஸ்பேனரைத் தொடமாட்டார். பெட்ரோல் டியூபில் ஒரு சாண் வெட்டி வைத்திருந்தார். பிளக்கின் தலையில் அதைச் சொருகி, டியூபைப் பிடித்து விரலால் சுழற்றுவார். பிளக் நேராக உட்கார்ந்தால் கடைசிவரை இறங்கும். கோணலாக ஏறினால் ரப்பர் வழுக்கிவிடும், மரைக்கு ஒன்றும் ஆகாது. "சாவி கடைசிக் கால் சுத்துக்குத்தான் சாமி, மிச்சமெல்லாம் கை" என்பார். லேத் கற்றுக்கொள்வதற்குப் பல வருடம் முன்பே மரை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ரப்பர் டியூப்தான்.

சென்னை ஜி.பி. ரோட்டில் இருக்கும் ஒரு பழக்கப்பட்ட கடையிலிருந்து பன்னிரண்டு என்ஜிகே பிளாட்டினம் பிளக் வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்ததும் முதலில் பார்த்தது மரையை. நல்ல பிளக்கின் மரை உருட்டி எடுத்தது, கண்ணாடி போல ஓடும். போலியில் விளிம்பு பிசிறடிக்கும், எழுத்து மங்கியிருக்கும். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம்.

சனிக்கிழமை மாலையே வண்டியை நிறுத்திவிட்டேன். அலுமினிய ஹெட்டில் எஃகு பிளக்கைச் சூட்டோடு கழற்றக் கூடாது. சூட்டில் அலுமினியம் மெத்தென்றிருக்கும், வருகிற பிளக் மரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எஞ்சின் தொட்டால் ஜில்லென்று இருந்தது. மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். டார்ச் பிடிக்கிறேன் என்று அவளாகவே வந்தாள். பழைய பிளக்குகளை வைக்க என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டு, சமையலறையிலிருந்து காலி முட்டை அட்டையைத் தூக்கிவந்தாள். நாமக்கல் முட்டை முப்பது வைக்கிற அட்டை. ஆறு குழி ஒரு வரிசை. முதல் வரிசை வலப்பக்கத்து ஆறு பிளக்குக்கு, இரண்டாவது இடப்பக்கத்து ஆறுக்கு என்று ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதினாள். அப்பாவின் தினத்தந்தியைவிட அது நல்ல ஏற்பாடு, உருண்டு ஓடாது.

இந்த எஞ்சினில் பிளக்குகள் மேலே இல்லை. இருபக்கமும் புகைக்குழாய்க்கு ஒட்டினாற்போல, ஹெட்டின் விலாவில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ரப்பர் தொப்பி, அதைச் சுற்றித் தகரக் கவசம். பல வருடச் சூட்டில் ரப்பர் பீங்கானோடு ஒட்டிக்கொள்ளும். வயரைப் பிடித்து இழுத்தால் வயர்தான் பிய்ந்து வரும். 17 நம்பர் ரிங் ஸ்பேனரின் மறுமுனையை, அந்த வாய் உள்ள பக்கத்தை, கவசத்தின் கழுத்தில் கொடுத்து மெதுவாக நெம்ப வேண்டும். நெம்பும் முன் கொஞ்சம் திருகிவிட்டால் ஒட்டு விடும். "டொப்" என்று ஒரு சத்தம். முதல் சத்தம் கேட்டதும் மகள் சிரித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் எண்ண ஆரம்பித்தாள்.

பிளக்கைத் திருகும் முன் கம்ப்ரசர் காற்றை அடித்துக் குழியைச் சுத்தம் செய்தேன். இதை யாரும் விடக் கூடாது. அங்கே கிடக்கும் ஒரு மணல் பொடி சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரில் கோடு போட்டுவிடும். பிறகு 16 நம்பர் சாக்கெட். ஒரு கணம் இறுக்கம், ஒரு சின்ன கிறீச், அப்புறம் விரலுக்கே வந்துவிட்டது.

முன்னால் இருந்த எட்டும் முக்கால் மணி நேரத்தில் வந்தன. எல்லாம் ஒரே பிராண்ட், எல்லாம் ரஸ்க் நிறம், ஓரம்கூடத் தேயவில்லை. இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். எஞ்சின் உள்ளே ஆரோக்கியமாக இருக்கிறது என்று அந்த எட்டும் சொல்லின. மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

கடைசி நான்கு, அதாவது மூன்றாவது சிலிண்டரில் இரண்டும் ஆறாவதில் இரண்டும், எஞ்சின் அறையின் பின்சுவருக்கு அருகில். வலப்பக்கம் ஸ்டீயரிங் தண்டு வழியை மறிக்கும். இடப்பக்கம் கை போகும், கையில் சாமான் இருந்தால் போகாது. எக்ஸ்டென்ஷன், முட்டி ஜாயின்ட், மறுபடி எக்ஸ்டென்ஷன் என்று மாட்டி, கண் தெரியாமல் கையால் தடவி, கவசத் தகரம் முழங்கையைக் கீறி ரத்தம் வந்து, இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இந்த நான்கும் இளகவில்லை. எண்ணெய் விட்டு ஊற வைத்து, இம்மி இம்மியாக முன்னும் பின்னும் அசைத்து எடுத்தேன்.

ஆறாவதன் பின் பிளக்கை வெளியே எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தபோது ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. வேறு பிராண்ட். உடம்பு முழுக்கத் துருவின் பழுப்பு. ஓரங்கள் உருண்டு தேய்ந்து, 1.0 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி ஃபீலர் கேஜில் ஒன்றரையைக் காட்டியது. வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மயிரிழை போலக் கறுப்புக் கோடு. இடைவெளியைத் தாண்ட முடியாத மின்சாரம் பீங்கானின் மேலேயே ஓடி இறங்கிய தடம் அது. மற்ற மூன்றும் அதே பிராண்ட், அதே பழுப்பு. நான்கையும் அட்டையின் கடைசிக் குழிகளில் வைத்தோம். மகள் அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது நாலும் மட்டும் ஏனுங்ப்பா வேற மாதிரி இருக்குது?"

2005இல் அந்த எஞ்சினோடு வந்த பிளக்குகள் அவை. பில்லில் பன்னிரண்டு. வண்டியில் மாற்றியது எட்டு. கை சுலபமாக எட்டுகிற எட்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி 40 கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தால், ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,000 பொறி விடும். 91,000 கிலோமீட்டருக்கு 13 கோடியைத் தாண்டும். தன் காலம் முடிந்தும், மாற்றிவிட்டதாக எழுதியும், பின்சுவருக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்து அந்த நான்கும் பொறி விட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. எனக்குக் கோபம் வந்தது. நான்கு பிளக் காசு பெரிதல்ல. அதைச் செய்தவனுக்கும் என்னைப் போலத்தான் கை, அவனுக்கும் முழங்கை கீறும், அவனுக்கும் அன்று வேறு வண்டிகள் நின்றிருக்கும். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. முடியவில்லை, எட்டுதான் மாற்றினேன் என்று எழுதியிருக்கலாம். பன்னிரண்டு என்று எழுதிய அந்தக் கையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பெரியவருக்கு ஃபோன் செய்தேன். குறை சொல்ல இல்லை, தெரியப்படுத்த. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, பன்னெண்டு வருசம் அந்த வண்டியில பின்னாடி உக்காந்தே போயிட்டனுங்க. முன்னாடி அந்த மூடிய ஒரு நாளுங்கூடத் தொறந்து பாத்ததில்லீங்க." குரலில் வெட்கம் இருந்தது. அவர் வெட்கப்பட வேண்டியதில்லை என்று சொன்னேன். ஆனால் அவர் சொன்னதை இன்றுவரை யோசிக்கிறேன். விலை உயர்ந்த வண்டியை முதலில் வாங்குகிறவர் அதன் பானெட்டைத் திறக்கத் தேவையில்லாதவர். டிரைவர் இருக்கிறார், பட்டறை இருக்கிறது, பில் இருக்கிறது. திறந்து பார்க்கிறவன் கைக்கு அது வந்துசேரும்போது பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். பழைய சொகுசுக் கார்கள் தீனி தின்னும் யானை என்று பேர் வாங்கியதில், இப்படி யாரும் பார்க்காத இடங்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புதுப் பிளக்குகளைப் போட ஆரம்பித்தோம். ஒவ்வொன்றின் இடைவெளியையும் 1.0 கேஜில் பார்த்தேன். மரையில் கிரீஸோ வேறு எதுவுமோ தடவவில்லை. அந்தப் பிளக்கில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது, மேலே வழுக்கல் தடவினால் டார்க் ரென்ச் காட்டுகிற அளவைவிட அதிகம் இறுகிவிடும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ரப்பர் தொப்பிக்குள் மட்டும் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு. அடுத்த தடவை கழற்றுகிறவருக்கு அது உதவும்.

முன் எட்டையும் பெட்ரோல் டியூபை வைத்து இறக்கினேன். பின் நான்கில் என் கை பிளக்கோடும் டியூபோடும் சேர்ந்து போகவில்லை. மணிக்கட்டுவரை போய் நின்றுவிட்டது. இரண்டு தடவை துளையின் விளிம்பில் மோதியதும் நிறுத்திவிட்டேன். பட்டறைக்கு வரும் அந்த ஹெட்டுகள் எல்லாம் கண்முன் வந்தன. வலுக்கட்டாயமாகச் செய்தால் நாளைக்கு என் ஹெட்டைத்தான் சாக்கில் சுற்ற வேண்டியிருக்கும்.

"நான் போட்டுப் பாக்கட்டுங்களாப்பா?"

வளையலைக் கழற்றிவிட்டு ஸ்டூல்மேல் ஏறினாள். கை மெல்லிய கை, நெளிந்து உள்ளே போயிற்று. கண்ணை மூடிக்கொள் என்றேன். பார்த்தும் தெரியப்போவதில்லை, கண் திறந்திருந்தால் கவனம் கண்ணுக்குப் போய்விடும். முதலில் எதிர்ப்பக்கம், கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்று, ஒரு இடத்தில் "டிக்" என்று இறங்கும், அது மரையின் வாய், அங்கிருந்து இறுக்குகிற திசை. சுற்றினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, உள்ளே எதையோ கேட்பவளைப் போல நின்றாள். "விழுந்துருச்சுங்ப்பா." ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். 19 மில்லிமீட்டர் நீளம், மரைக்கு மரை 1.25, பதினைந்து சுற்று வர வேண்டும். பதினைந்தில் நின்றது. நான்கும் அப்படியே. அதன் பிறகு நான் டார்க் ரென்ச்சை மாட்டி, 23 நியூட்டன் மீட்டரில் அது "கிளிக்" சொன்னதும் எடுத்துவிட்டேன்.

மாலை ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது. ஸ்கேனரில் பழைய கோளாறை அழித்துவிட்டு இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டோம். ஆர்பிஎம் முள் ஒரே இடத்தில் நின்றது. சீட்டில் உட்கார்ந்து கையைத் தொடைமேல் வைத்து அந்த விக்கலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மகள் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று என்னைக் கேட்டாள்.

இரவு ஃபைலை எடுத்து 2015 பில்லுக்கு அடுத்து ஒரு வெள்ளைத் தாள் கோத்தேன். தேதி, 91,240 கிலோமீட்டர், பிளக் 12, பிராண்ட், இடைவெளி, டார்க் எல்லாம் எழுதினேன். அவள் பக்கத்தில் வந்து நின்று வாசித்தாள். கரி இன்னும் அவள் நகக்கண்ணில் இருந்தது.

"மூணும் ஆறும் நான் போட்டேன்னு எழுதலீங்ளா?"

பேனாவை அவளிடம் கொடுத்தேன். நான்கு பிளக்கின் இடத்தையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துப் போட்டாள்.